எந்த ஆர்ட்டிகுலேட்டர் வாங்கலாம்

ஆர்ட்டிகுலேட்டர் வாங்கப் போகிறவர் முதலில் விலையைக் கேட்கக் கூடாது. கையில் எடுத்துக் காதருகே வைத்து, மெதுவாகத் திறந்து மூடிப் பார்க்க வேண்டும். கரகரவென்று ஏதாவது கேட்டால் கீழே வைத்துவிட்டு, விற்க வந்தவரிடம் வீட்டில் எல்லோரும் சௌக்கியமா என்று விசாரிக்கலாம். நான் இரும்புக் கடைக்காரர் மகன். அப்பா கதவுக் கீல், தாழ்ப்பாள், திருகாணி விற்றார். ஒரு கீலின் யோக்கியதையைக் கண்ணுக்கு முன்னால் காது சொல்லிவிடும் என்பது, பல் வைத்தியம் படிக்கப் போவதற்கு வெகுகாலம் முன்பே எனக்குத் தெரியும். தாடை மாதிரித் திறந்து மூடும் ஆர்ட்டிகுலேட்டரும் கீல்தான். படித்த கீல், அவ்வளவே.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நல்லது. புதிதாகத் துறைத் தலைவராக வந்தவர், ஓய்வுபெற்ற பழைய தலைவரை வீடு தேடி வந்து கருத்துக் கேட்பது எல்லோரும் செய்கிற காரியமல்ல. ஆகவே உங்களுக்கு மேம்போக்காக ஏதாவது சொல்லி அனுப்ப மனம் வரவில்லை. எனக்கும் அலுத்துவிட்டது. நாற்காலியை இப்படி இழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள், அங்கே வெயில் அடிக்கும்.

போனில் நீங்கள் சொன்னது புரிந்தது. நிர்வாகம் அந்த உயர்ந்த ரகப் பொறிகளையெல்லாம் தள்ளிவிட்டு, என் காலத்தில் நான் கேட்ட சாதாரண ரகத்தையே மாணவர்களுக்கும் சிகிச்சைப் பிரிவுக்கும் வாங்க நினைக்கிறது. அதற்குக் காரணமாக ஒரு கேஸைச் சொல்கிறார்கள். துறையில் எல்லோரும் அதைத்தான் சொல்வார்கள். அந்தக் கேஸ் என் மனைவி. சிகிச்சை செய்தவன் அவளுடைய தம்பி, என் மச்சினன். ‘ஆமாம், அந்தப் பொறி சரிவராது’ என்று நான் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் காரியம் முடிந்துவிடும். அதைச் சொல்ல முடியாமல்தான் உங்களை வரச் சொன்னேன்.

அப்பா விலையில் எவ்வளவு வேண்டுமானாலும் பொய் சொல்வார். ‘எனக்கே கட்டுப்படியாகாதுங்க’ என்று சொல்லாமல் அவருக்குப் பொழுது விடிந்ததில்லை. ஆனால் சரக்கைப் பற்றிப் பொய் சொல்ல மாட்டார். துருப்பிடிக்கிற கீலைப் பித்தளை என்று விற்றதில்லை. நான் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டது அந்த ஒன்றைத்தான். ஒரு நல்ல சரக்குக்கு என்னால் கெட்ட பெயர் நிலைத்துவிடக் கூடாது.

நிர்வாகத்தில் இருப்பவர்கள் பல் வைத்தியர்கள் அல்ல. அவர்களுக்கு நீங்கள் இப்படிச் சொல்லுங்கள். நோயாளியின் மேல் தாடைக்கு ஒரு வார்ப்பு, கீழ்த் தாடைக்கு ஒரு வார்ப்பு எடுக்கிறோம். இரண்டையும் ஒரு பொறியின் மேல் கையிலும் கீழ்க் கையிலும் மாட்டுகிறோம். அவர் வீட்டுக்குப் போய்விடுவார். அவர் தாடை நம் மேஜையில் உட்கார்ந்து மென்றுகொண்டிருக்கும். அதைப் பார்த்துப் பல் செய்கிறோம். பொறி எப்படி மெல்லுகிறதோ அப்படித்தான் பல் அமையும். இதைச் சொன்னால் அவர்களுக்குப் போதும். அவர்களில் பாதிப் பேருக்கு வாயில் நம் சரக்குதான் இருக்கிறது.

நான் கேட்டது சாதாரண ரகம். சராசரி மனிதனின் தாடை அளவை ஒரேயடியாக வைத்துச் செய்தது. எதையும் திருக வேண்டாம், மாற்ற வேண்டாம். மாணவன் கீழே போட்டாலும் பொறுத்துக்கொள்ளும். ஆளுக்கொன்று கொடுத்துவிடலாம். வார்ப்பை மாட்டினால் கடைசிவரை அதே பொறியில்தான் இருக்கும். வார்ப்பு போகிற இடத்துக்குப் பொறியும் கூடவே போகும். கட்டிய பெண்டாட்டி மாதிரி என்று பொறி வாங்கும் கமிட்டியில் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். ஒருவரும் என் பக்கம் சாயவில்லை.

மச்சினன் கேட்டது வேறு ரகம். நோயாளியின் காதுகளில் வில் போல வளைந்த ஒரு கருவியை மாட்டி, மேல்தாடை தலையில் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று அளந்து, அப்படியே பொறிக்கு மாற்றலாம். ஆளுக்கு ஆள் கோணத்தைத் திருப்பி வைக்கலாம். அதைவிட முக்கியமானது, அந்தப் பொறிகளெல்லாம் ஒன்றுக்கொன்று இரட்டைப் பிள்ளைகள். வார்ப்பை ஒரு காந்தத் தகட்டோடு கழற்றி, மாடியில் சிகிச்சைப் பிரிவுப் பொறியிலிருந்து எடுத்து, கீழே லேபில் இருக்கும் பொறியில் ஒட்டினால், மயிரிழை பிசகாமல் அதே இடத்தில் உட்காரும். பொறி மாடிப்படி ஏறி இறங்க வேண்டாம். வார்ப்பு மட்டும் போய் வரும். ஒரு பொறியில் பல மாணவர்கள் மாற்றி மாற்றி வேலை செய்யலாம். படிக்கும்போது கையாள்கிற பொறியையே நாளைக்கு நோயாளிக்கும் கையாள்வார்கள் என்றான். அவன் வாயில் எப்போதும் அந்த மயிரிழைதான். துறையில் அவனுக்குப் பெயரே ‘மயிரிழை’. முன்மண்டை வெறிச்சோடத் தொடங்கிய பிறகு அந்தப் பெயர் இன்னும் பொருத்தமாகிவிட்டது.

அவனைத் துறைக்குக் கொண்டுவந்தவன் நான். அதைச் சொல்லிக் காட்டவில்லை, வரிசையாகச் சொல்கிறேன். கமிட்டியில் அவன் என்னை எதிர்த்துப் பேசவும் இல்லை. ‘அத்தான் சொல்றது மாணவர்களுக்குச் சரி, ஆனா நோயாளி சராசரி மனுஷன் இல்லையே’ என்றுதான் சொன்னான். அது நல்ல வாக்கியம். நானே சொல்லியிருக்க வேண்டியது. டீன் தலையை ஆட்டினார். உயர்ந்த ரகமே வாங்குவது என்று முடிவாயிற்று. விற்பனைக்காரரோடு பேரம் பேசும் வேலையை என்னிடம் கொடுத்தார்கள். அவர் கண்ணில் தண்ணீர் வர வைத்தேன். தோற்ற கட்சிக்காரன் பேரம் பேசினால் நன்றாகவே பேசுவான்.

இரட்டைப் பிள்ளைகள் என்றேனே, அவை இரட்டையாகவே இருக்கின்றனவா என்று பார்க்க ஒரு உலோகக் கட்டி கூடவே வரும். சாவி என்போம். பொறியின் இரு கைகளுக்கும் நடுவே அதை வைத்தால், எந்தப் பக்கமும் வெளிச்சம் தெரியாமல் உட்கார வேண்டும். தெரிந்தால் பொறி வழி தவறிவிட்டது என்று பொருள். எந்தப் பொறியும் நல்லதா என்பதை அந்தச் சாவியைக் கேட்டுத்தான் சொல்ல முடியும். சாவி துறைத் தலைவரின் இரும்பு அலமாரியில் இருக்கும். இப்போது உங்களிடம் இருக்கும். நான் பத்திரமாகத்தான் ஒப்படைத்தேன்.

என் மனைவி பள்ளிக்கூட ஆசிரியை. தூக்கத்தில் பல் கடிப்பாள். யாரை நினைத்துக் கடிக்கிறாளோ என்று அவள் தம்பி கேலி செய்வான். கடித்துக் கடித்துப் பற்கள் குட்டையாகிவிட்டன. கன்னம் கொஞ்சம் உள்ளே போயிற்று, சிரித்தால் பல் தெரியாது. வலி எதுவும் இல்லை. எல்லாப் பற்களுக்கும் உறை போட்டுப் பழைய உயரத்துக்குக் கொண்டுவர வேண்டும். பெரிய வேலை. துறையிலேயே அந்த வேலையில் என்னைவிட அனுபவம் உள்ளவர் கிடையாது. இதையும் வரிசையாகத்தான் சொல்கிறேன்.

சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து அவரைக்காய் நரம்பு எடுத்துக்கொண்டிருந்தாள். தலை நிமிராமல் சொன்னாள்.

“தம்பியே பண்ணட்டும். நீங்க கோவிச்சுக்காதீங்க.”

ஏன் என்று கேட்டேன். கோபம் எதுவும் இல்லை, தெரிந்துகொள்ளத்தான்.

“எங்க வலிக்குதுன்னு அவன் கேக்கறான்,” என்றாள். “நீங்க சொல்லிடறீங்க.”

நான் கைகழுவிவிட்டு வந்து பத்திரிகை படித்தேன். கல்யாணமான நாளிலிருந்து அவள் என்னைப் பற்றிச் சொன்னவற்றில் அது ஒன்றுதான் எனக்கு வரிக்கு வரி ஞாபகம் இருக்கிறது.

சிகிச்சை தொடங்கியது. புதுப் பொறிகளில் முதல் பெரிய கேஸ். மச்சினன் அவள் காதில் அந்த வில் கருவியை மாட்டி அளந்தான். ‘அக்கா, வானொலி கேக்குதா’ என்று கேட்டுச் சிரிக்க வைத்தான். மாணவர்கள் சுற்றி நின்று பார்த்தார்கள். எல்லாப் பற்களையும் உறைக்காகச் செதுக்கித் தற்காலிகமாக மூடினான். வார்ப்பு மாடியில் மாட்டப்பட்டு, தகட்டோடு கழற்றப்பட்டு, கீழே லேபுக்கு வந்தது. அவளுக்கென்று லேபில் ஒரு பொறியை ஒதுக்கி, அதன் கையில் சிவப்பு நகப்பூச்சால் பொட்டு வைத்திருந்தான். அவன் எதையும் கலந்துவிட மாட்டான்.

மத்தியானம் லேப்காரர் சாப்பிடப் போவார். அந்த நேரத்தில் லேபில் மெழுகு வாசனையும், தொட்டியில் கெட்டியான ஜிப்சமும், சொட்டுகிற குழாயும் தவிர வேறு யாரும் கிடையாது. துறைத் தலைவர் உள்ளே போனால் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். சிவப்புப் பொட்டுப் பொறியின் மேல் கையில் இருந்த காந்தத் தகட்டின் திருகைத் தளர்த்தினேன். வலப்பக்கம் மட்டும் ஒரு மெல்லிய தகரத் தாளை மடித்துச் செருகினேன். திருகை முடுக்கினேன். வெளியே தெரியாது. கை தேர்ந்த வேலை என்று நானே சொல்லக் கூடாது.

உங்களுக்கு விளங்கியிருக்கும். லேப் பொறியில் வலப்பக்கம் கொஞ்சம் இறங்கிவிட்டது. லேப்காரர் அதைப் பார்த்து வலப்பக்கப் பற்களைக் குட்டையாகச் செய்வார். அவை வாயில் போனதும் இடப்பக்கப் பற்கள்தான் முதலில் முட்டும். தப்பு ஒரு பக்கம் இருக்கும், வலி மறுபக்கம் வரும். தேடுகிறவனுக்கு அதனால் கொஞ்சம் நேரமாகும்.

நான் நினைத்தது ஒரே ஒரு தடவைதான். உறைகள் வாயில் சரியாக உட்காராது, மச்சினன் திகைப்பான், நான் சாவியை எடுத்துப்போய் எல்லோர் முன்னாலும் வைத்துக் காட்டுவேன், ‘பார்த்தீர்களா, இரட்டைப் பிள்ளைகளும் சண்டை போடும்’ என்பேன். மாணவர்களுக்கு அது நல்ல பாடமாக இருந்திருக்கும். கற்பிப்பதற்காகப் பொறியை வேண்டுமென்றே கெடுத்துக் காட்டுவது நம் தொழிலில் புதிதல்ல. அதைப் பாடமாகவே இன்றும் நினைக்கிறேன். முடிக்க வாய்ப்பு வரவில்லை, அவ்வளவுதான்.

ஏனென்றால் உறைகள் உட்காராதபோது மச்சினன் திகைக்கவில்லை. ‘என் கடி அச்சுதான் எங்கயோ பிசகியிருக்கு’ என்றான். இடப்பக்கத்தைத் தேய்த்துத் தேய்த்துச் சரிப்படுத்தினான். பீங்கான் மெலிந்து உடைந்தது. கழற்றினான். திரும்ப அளந்தான், திரும்பச் செய்தான். ஒவ்வொரு தடவை கழற்றும்போதும் உள்ளே இருக்கும் அசல் பல் கொஞ்சம் குறையும். அது உங்களுக்குத் தெரியும். அவன் பொறியைச் சந்தேகப்படவே இல்லை. அவ்வளவு நம்பிக்கை இருக்கிற ஒருவனிடம் போய், எல்லோர் முன்னாலும் பொறியைக் குற்றம் சொல்ல எனக்குச் சங்கடமாக இருந்தது.

அவளுக்கு வலி தொடங்கிற்று. காதுக்கு முன்னால், இடப்பக்கம். அப்புறம் நெற்றி. வகுப்பில் பிள்ளைகளை வாசிக்கச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவதாகச் சொன்னாள். வீட்டில் இரும்பு பீரோக் கதவில் கன்னத்தை வைத்துக்கொண்டு நிற்பாள், சில்லென்று இருக்கிறதாம். நான் அவளுக்கு மாத்திரை வாங்கிக் கொடுத்தேன். ஒருநாளும் தவறியதில்லை. அவள் தம்பிகூட அதைச் சொல்லி நெகிழ்ந்திருக்கிறான்.

சிவப்புப் பொட்டு இருந்தாலும், வேலை மும்முரமான நாட்களில் லேப்காரர் அந்தப் பொறியில் வேறு சிலருடைய வார்ப்புகளையும் மாட்டியிருக்கிறார். அவர்கள் வெளி நோயாளிகள். அவர்களைப் பற்றி யாரும் பிறகு வந்து எதுவும் கேட்கவில்லை. சிலர் வேறு மருத்துவரிடம் போயிருப்பார்கள். மனிதர்கள் எதற்கும் பழகிக்கொள்கிறார்கள்.

ஒருநாள் மத்தியானம் மச்சினன் என் அறைக்கு வந்தான். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

“அத்தான், அந்தச் சாவியைக் கொஞ்சம் குடுங்க. லேப் மிஷினை ஒருதரம் வெச்சுப் பாத்துடறேன்.”

“நீயே கேட்டு வாங்கின மிஷினாச்சே மாப்ளே. அதுமேலயே சந்தேகமா?”

“மிஷின் மேல இல்ல அத்தான். வேற எதைச் சந்தேகப்படறதுன்னுதான் தெரியல.”

“நாளைக்குக் காலைல ரெண்டு பேருமா பாத்துடுவோம். எனக்கும் தெரிஞ்ச மாதிரி இருக்கும்.”

சரி என்றான். என்மேல் நம்பிக்கை வைத்துச் சரி என்றான் என்பதை நான் கவனிக்காமல் இல்லை. அவன் போனதும், லேப்காரர் சாப்பிடப் போகும் நேரம் பார்த்துத் தகரத் தாளை எடுத்துவிட்டேன்.

மறுநாள் காலையில் சாவியை அவன் கையிலேயே கொடுத்தேன். கல்யாணப் பெண்ணின் கையைப் பிடித்து அழைத்துப் போவது போல அவ்வளவு பக்குவமாக அதைப் பொறியில் வைத்தான். ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தான். வலப்பக்கம் வெளிச்சம் இல்லை. இடப்பக்கம் வெளிச்சம் இல்லை. மாடிக்குப் போய் அந்தப் பொறியிலும் வைத்துப் பார்த்தோம். இரண்டும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள்.

“நீங்களும் நல்லாப் பாத்தீங்களா அத்தான்?”

“பாத்தேனே.”

அவன் சாவியை அதன் பெட்டியில் வைத்து மூடினான். மூடிய பெட்டியை என்னிடம் நீட்டினான்.

“அப்ப நான்தான்,” என்றான்.

இல்லை என்று மறுத்துச் சொல்வது நாகரிகமாக இருந்திருக்கும். தோளைத் தட்டிக் கொடுத்தேன்.

அன்று மத்தியானமே திரும்பச் செருகிவிட்டேன். அதை விட்டிருக்கலாம் என்று நீங்கள் நினைப்பீர்கள். நானும் நினைத்துப் பார்த்தேன். அடுத்த செட் உறைகள் சரியாக உட்கார்ந்துவிட்டால், முன்பு ஏன் உட்காரவில்லை என்று அவன் யோசிக்கத் தொடங்குவான். அவன் கெட்டிக்காரன், யோசித்தால் கண்டுபிடித்துவிடுவான். தொடங்கிய காரியத்தை நடுவில் நிறுத்துவதற்கும் ஒரு விலை உண்டு. அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். பழைய தகரத் தாள் கசங்கிப் போயிருந்தது. சட்டைப் பையில் அவளுக்காக வாங்கிய தலைவலி மாத்திரை அட்டை இருந்தது. கடைசி மாத்திரையைக் காலையில்தான் அவளுக்குக் கொடுத்திருந்தேன். அட்டையின் பின்பக்கத்துத் தாளை உரித்து மடித்தேன். அளவு கச்சிதமாக இருந்தது. தூக்கிப் போடுகிற பொருள்தானே.

எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள். பரவாயில்லை. தேநீர் ஆறுகிறது, குடியுங்கள்.

அதற்குப் பிறகு பற்கள் ஒவ்வொன்றாகக் கைவிட்டன. சிலவற்றில் நரம்பு செத்தது. சிலவற்றில் வேர் பிளந்தது. மச்சினன் ஒவ்வொன்றுக்கும் போராடினான். அதில் குறை சொல்ல முடியாது. வகுப்பில் அவன் கை நடுங்குகிறது என்று மாணவர்கள் பேசத் தொடங்கினார்கள். உண்மையில் கை நடுங்கவில்லை. அடுத்த நோயாளியைத் தொடுவதற்கு முன்னால் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பான், அவ்வளவுதான். கமிட்டியில் யாரோ பொறிகளின் பேச்சை எடுத்தார்கள். ‘அவசரப்பட வேண்டாம், இன்னும் கொஞ்சம் பார்ப்போம்’ என்று நான்தான் சொன்னேன். பெருந்தன்மை என்று டீன் பாராட்டினார்.

கடைசியாக அவன் வீட்டுக்கு வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. அவள் இடக்கையால் தாடையைத் தாங்கிக்கொண்டு சோபாவில் உட்கார்ந்திருந்தாள். அவன் கீழே தரையில், அவள் கால்மாட்டில் உட்கார்ந்தான். சின்ன வயதில் அப்படித்தான் உட்காருவானாம்.

“அக்கா, என் கைதான் சரியில்ல. வேற யாராவது பாக்கட்டும்.”

“உன் கையை எனக்குத் தெரியும்டா,” என்றாள். “சின்னப் பிள்ளைல உனக்கு நகம் வெட்டி விட்டவ நான்.”

அப்புறம் என்னைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். வலியில் இருப்பவர்கள் எங்கேயாவது பார்ப்பார்கள்.

அவன் அந்த மாதமே வேலையை விட்டான். இப்போது ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் மற்ற பல் வைத்தியர்கள் அனுப்பும் விண்ணப்பங்களைச் சரிபார்க்கிறானாம். பல்லைத் தொடுவதில்லை. எங்கள் வீட்டுக்கும் வருவதில்லை. அக்காவின் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருக்கும், எனக்குப் புரிகிறது. நான் ஒன்றிரண்டு தடவை போன் செய்து, நடந்ததை மறந்துவிடச் சொன்னேன்.

அவன் போனபிறகு ஒரு வாரம் அவள் யாரிடமும் பேசவில்லை. பிறகு ஒருநாள் நான் சட்டை மாட்டிக்கொண்டிருக்கும்போது வந்து கதவருகில் நின்றாள்.

“எல்லாத்தையும் எடுத்துடுங்க,” என்றாள்.

எங்கே வலிக்கிறது என்று கேட்டேன். நான் கேட்டேன் என்பதைத் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள். ‘இனி நீங்க சொல்றதுதான்’ என்றாள்.

நானே எடுத்தேன். வேறு யாரிடமும் விடவில்லை. அவற்றில் சில நல்ல உறுதியாகத்தான் இருந்தன, வர மறுத்தன. ஆனால் அரைகுறையாக விட்டால் முழு செட் ஒழுங்காக உட்காராது. வேலை என்று செய்தால் சுத்தமாகச் செய்ய வேண்டும். அவள் ஒரு சத்தமும் போடவில்லை. மரத்துப்போகும் ஊசி அவ்வளவு நன்றாக வேலை செய்தது. முடிந்ததும் வாயில் பஞ்சை அடக்கிக்கொண்டு, தட்டில் கிடந்தவற்றைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். துணியால் மூடினேன்.

புண் ஆறியபின் முழு பல் செட் செய்தேன். எந்தப் பொறியில் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அதைத்தான் கேட்க வேண்டும். என் பழைய சாதாரணப் பொறியில். வில் மாட்டவில்லை, கோணம் திருப்பவில்லை, எங்கேயும் கொண்டுபோகவில்லை. வார்ப்பு மாட்டிய இடத்திலேயே வேலை முடிந்தது. முதல் தடவையே வாயில் கச்சிதமாக உட்கார்ந்தது. மாணவர்களை அழைத்துக் காட்டினேன். துறையில் எல்லோரும் பேசிக்கொண்டார்கள். நான் ஒரு வார்த்தையும் பேசவில்லை. ஜெயித்தவன் பேசக் கூடாது. அது வியாபாரத்தில் முதல் பாடம்.

ஆகவே உங்கள் கேள்விக்கு என் பதில் இதுதான். சிகிச்சைப் பிரிவுக்கும் மேல்வகுப்பு மாணவர்களுக்கும் அந்த உயர்ந்த ரகத்தையே வைத்துக்கொள்ளுங்கள். அவற்றில் குறை எதுவும் இல்லை. முதல் வருடத்துப் பிள்ளைகளுக்கு மட்டும் சாதாரண ரகம் வாங்குங்கள், கீழே போட்டுப் பழகட்டும். சாவி ஒருவர் கையில் மட்டும் இருக்கக் கூடாது. லேபில் ஒன்று, மாடியில் ஒன்று வாங்கி வையுங்கள். ஒவ்வொரு வார்ப்பையும் மாட்டுவதற்கு முன்னால், மாட்டுகிறவரே தன் கையால் வைத்துப் பார்க்கட்டும், துறைத் தலைவர் பார்த்தேன் என்று சொன்னாலும். விற்பனைக்காரர் கூடுதல் சாவிக்குத் தனி விலை சொல்வார். சிரித்துவிட்டுப் பேசாமல் இருங்கள், இலவசமாகவே வரும்.

பொறியைப் பற்றி என் மனதில் இருந்ததை இறக்கி வைத்துவிட்டேன். மற்றதெல்லாம் வீட்டு விஷயம். சட்டப்படி நீங்கள் யாரிடமாவது சொல்ல வேண்டியிருந்தால் சொல்லுங்கள். நான் எங்கேயும் போகப்போவதில்லை. அவளிடம் சொல்வதானால் மட்டும் கொஞ்சம் பதமாகச் சொல்லுங்கள். அவளுக்கு என் வேலைமேல் பெரிய மதிப்பு.

அவள் சமையலறையில்தான் இருக்கிறாள். நான் சாப்பிட்டு எழுந்தபிறகு தனியாகச் சாப்பிடுவாள். எல்லாவற்றையும் குழைய வேகவைத்து, மசித்துக் கரைத்துக்கொள்வாள். சாப்பிட உட்காருமுன் செட்டைக் கழற்றிக் கழுவி, ஒரு கிண்ணத்தில் வைத்து மூடிவிடுவாள். சாப்பிடும்போதாவது போட்டுக்கொள்ளேன் என்றால் ‘தேஞ்சிடும்’ என்கிறாள். இத்தனை வருஷத்தில் நான் கொடுத்த எதையும் அவள் இவ்வளவு பத்திரமாக வைத்துக்கொண்டதில்லை.